ஆல்வின் கடையில் சொன்ன பொய்

லெர்ஹன்டால்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள வெண்டலினுக்கு,

போடில் எழுதுவது. நான் நலம். நார்வேயில் குளிர் எப்படி இருக்கிறது? சுரங்கத்துக்குள் வேலை என்பதால் வெளியைவிடக் கதகதப்புதான் என்று நீங்கள் சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே போன வாரம் முழுக்கப் பனி. கூரையில் கிடந்ததை நானே தள்ளிவிட்டேன், இடுப்பு இன்னும் வலிக்கிறது. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் மறுபடி தொல்லை கொடுக்கிறது. இதோ வருகிறேன் என்ற ஆள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறான்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று நினைப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உங்கள் அக்கா தானாக விழுந்து காலை முறித்துக்கொண்டார் என்று சொன்னேனே, அது பொய். நான்தான் போய் அவர்மீது மோதினேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் நவம்பரில் கிளம்பியதும் நான் காலில் ஸ்கீ பலகை கட்டிப் பனியில் சறுக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன், உங்களுக்குத் தெரியாமல். நான் பிறந்த டென்மார்க்கில் எங்கள் பக்கம் மேடு என்று சொல்ல எருக்குவியல்தான் உண்டு. நான் மேலே வரமாட்டேன் என்பதற்காக நீங்கள் ஸ்கீயைப் பரணில் போட்டுவிட்டு, ஞாயிறுதோறும் என்னோடு மலையடி விடுதியில் உட்கார்ந்து சூப் குடித்தீர்கள். ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டேதான் குடிப்பீர்கள். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்களா? ஈஸ்டருக்கு நீங்கள் வரும்போது கூடவே சறுக்கி இறங்கிக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கூட்டமில்லாத வார நாட்களில் உங்கள் ரோஸ்விதா அக்காதான் என்னை அழைத்துப்போனார்.

ஜனவரி கடைசியில் அக்கா, "வாடகை ஸ்கீ போதும்டி, சொந்தமா ஒண்ணு வாங்கிக்கோ" என்றார். "இப்பதான் நீ விளிம்புல சாஞ்சு திரும்பவே பழகுற. மெஷின் ஓட்டிச் சமன் பண்ண சரிவுக்கு நடுவுல குறுகின, சுலபமா வளைஞ்சு திரும்புற கார்விங் ஸ்கீயா பாரு. நிமித்தி வெச்சா உன் தாடைக்கு மேல போகக் கூடாது. கையால அழுத்தினா வளைஞ்சு கொடுக்கணும். வேற எதை எவன் நீட்டினாலும் வாங்காத" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

ஸ்கீ கடைக்கார ஆல்வின் அப்படியே ஒன்றை எடுத்து என் கையிலும் கொடுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து ஹெட்விக் உள்ளே வந்தாள், அதுதான், ஸ்கீ சங்கத் தலைவரின் மனைவி. "அடடே, போடில்! ஸ்கீ எதுக்கு, சுவத்துல மாட்டவா?" என்றாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆல்வின் எல்லாரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டான்: "மெதுவா ஓட்டுவீங்களா, சுமாரா, வேகமாவா?" நான் ஹெட்விக்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "வேகமாத்தான். சிவப்புச் சரிவெல்லாம் எனக்கு விளையாட்டு" என்றேன். நான் அதுவரை எளிதான நீலச் சரிவைத் தாண்டியதே இல்லை.

ஆல்வின் என் கையிலிருந்ததை வாங்கி வைத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தான். என் நெற்றி வரை உயரம், இரும்பு மாதிரி விறைப்பு. பந்தயம் ஓடுகிறவர்களுக்கு ஆனது. "பரவாயில்லயே!" என்றாள் ஹெட்விக். அந்த ஒரு வார்த்தைக்காக வாங்கினேன். எழுதும்போதே காது சுடுகிறது.

மறுநாள் காலை மலை உச்சியில் அக்கா அதைப் பார்த்ததும், "இது என்னடி?" என்றார். ஆல்வின்தான் தலையில் கட்டிவிட்டான் என்றேன். பாவம் அவன். "சரி, நீலச் சரிவுல மெதுவா இறங்கி வா. கீழ வளைவுல நிக்குறேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். அந்த ஸ்கீயோ வேகம் எடுத்தால்தான் திரும்புவேன் என்றது. வேகம் எடுத்ததும் பயந்துபோய்ப் பின்னால் சாய்ந்தேன். சாய்ந்தால் இன்னும் பிய்த்துக்கொண்டு ஓடியது. "விலகுங்க அக்கா!" என்று கத்தினேன்.

அவர் விலகவில்லை. அவர் நின்ற இடத்துக்குப் பின்னால் சரிவு முடிந்து மரங்கள் தொடங்குகின்றன. விலகியிருந்தால் நான் மரத்தில்தான் போய் மோதியிருப்பேன். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார், வெண்டலின்.

மேலிருந்து வருகிறவர்தான் கீழே நிற்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மீட்புக்காரர்கள் வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நானேதான் விழுந்தேன்" என்றார். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன்.

இப்போது ஊர் முழுக்க அக்கா பேச்சுதான். ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஹெட்விக், "நீலச் சரிவுல நின்ன இடத்துலயே விழுந்தாளாம். இனிமே இவ கையிலயா பிள்ளைங்கள விடுறது?" என்றாள். பிள்ளைகளுக்கான ஸ்கீ பயிற்சியை அக்காவிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுக்க வெள்ளிக்கிழமை சங்கம் கூடுகிறது. அந்தப் பயிற்சிதான் அவருக்கு உயிர் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மோதியதைவிட இதற்குத்தான் அதிகம் கூசுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய், உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அக்காவுக்கு வந்ததே கோபம்! "வாயத் தொறந்தே, கொன்னுடுவேன். சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டு நீ மறுபடி மலைப் பக்கமே வரமாட்ட. என் தம்பி சாகுற வரைக்கும் அந்த விடுதியில சூப்பு குடிச்சிட்டு உக்காந்திருப்பான். என் கால் ஆறிடும், போ" என்றார்.

நேற்று ஆல்வினிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சத்தம் போடவில்லை. "எல்லாரும் தங்க வேகத்தக் கூட்டித்தான் சொல்றாங்க. நானாவது நீங்க நிக்குற விதத்தப் பாத்திருக்கணும்" என்று சொல்லி, தாடை உயர ஸ்கீக்கு மாற்றிக் கொடுத்தான். அது வாசல் நடையில் சாத்தியபடி கிடக்கிறது. இன்னும் அதைத் தொட மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சங்கத்தில் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். அக்கா கொன்றாலும் சரி. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது ஊருக்கே தெரிந்திருக்கும். முதலில் அக்காவைக் கூப்பிடுங்கள், அப்புறம் என்னை. மோதியதற்காக அவர் என்னைத் திட்டவே மாட்டேன் என்கிறார். நீங்களும் பரவாயில்லை என்று சொல்லிவிடாதீர்கள். அவருக்காக நீங்களாவது என்னை நன்றாகத் திட்டுங்கள். திட்டி முடித்துவிட்டு, ஈஸ்டருக்கு என்னோடு மேலே வாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைகுனிந்து,
உங்கள் போடில்