நான் ‘போதும்’ என்றது லாரிக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உங்கப்பாவின் முழங்காலை விட்டுவிட்டால் இங்கே நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பேசினால் நான் கத்துவேன், நான் கத்தினால் நீ அழுவாய், நீ அழுதால் மாப்பிள்ளை பக்கத்து அறையிலிருந்து என்ன ஆச்சு என்று ஓடி வருவார், அப்புறம் சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். எழுதினால் எனக்கும் நிதானம் வரும், உனக்கும் நடுவில் குறுக்கே பேச வழியில்லை. உங்கப்பா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பிவிடுவார், தாள் தபாலில் மெதுவாக வந்து சேரட்டும். படித்து முடிக்கும்வரை மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாதே, முடித்த பிறகு ஒன்று விடாமல் சொல்.

நேற்று நீ அனுப்பிய வண்டிப் படத்தைப் பார்த்தேன். நீல நிறம், பளபளவென்று இருக்கிறது, மாப்பிள்ளை அதன் மேல் கை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் உன்னைப் பெண் பார்க்க வந்த நாளில்கூட அவர் முகத்தில் இவ்வளவு சந்தோஷம் இல்லை. அது வரைக்கும் சரி. கீழே நீ எழுதியிருந்ததுதான் எனக்குப் புரியவே இல்லை. ‘அம்மா, நீ போதும்னு சொன்ன வண்டியையே முடிச்சாச்சு, சனிக்கிழமை எடுத்ததும் அப்படியே படகை மாட்டி ஏரிக்கு இறக்கப்போறோம், பசங்க இப்பவே குதிக்குதுங்க’ என்று எழுதியிருக்கிறாய். நான் எப்போதடி போதும் என்றேன்? மூன்று முறை படித்தேன், உங்கப்பாவிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை போன் பேசினாளே அப்போ சொன்னியோ என்னவோ என்றார். அப்போதுதான் பளிச்சென்று ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நீ கூப்பிட்டபோது நான் வேலை பார்க்கிற எடை மேடையில் மணல் லாரிகள் வரிசையாக நின்றன. போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் ஜன்னலுக்குப் போனேன். ஒருத்தன் கண்ணாடியைப் பார்க்காமலே பின்னால் வந்துகொண்டிருந்தான், இன்னும் ஒரு அடி வந்தால் அவன் பின் சக்கரம் மேடையை விட்டு இறங்கிவிடும். தலையை வெளியே நீட்டி ‘போதும், போதும், போதும்’ என்று கத்தினேன். அவன் நின்றான். இங்கே திரும்பிப் பார்த்தால் நீயும் போனை வைத்துவிட்டிருந்தாய், லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து நீ ‘இந்த வண்டி போதுமாம்மா’ என்று கேட்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக எடை பார்க்கிறவள் மூன்று முறை போதும் என்றால் நீ நம்பாமல் என்ன செய்வாய்? தப்பு உன்மேல் இல்லை. பாப்பா, நான் அந்த வார்த்தையைச் சொன்னது லாரிக்கு. நீ கேட்டது என் காதில் விழவே இல்லை.

உங்கப்பா கேட்டதும் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன், ஆனால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் சிரிக்க முடியவில்லை. நீ போன மாதம் அனுப்பிய படகுக் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். படகு ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ, வண்டி இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ இழுக்கும், அறுநூறு கிலோ மிச்சம் என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். மேலுக்குப் பார்த்தால் சரிதான். ஆனால் அந்தக் காகிதத்தில் மேலே சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார். காலி எடை என்று இருக்கிறது. இஞ்சின் பொருத்துவதற்கு முன்னால், வெறும் படகு மட்டும். இஞ்சின் ஒரு இருநூற்றைம்பது. டீசல் டாங்கி நிரம்பினால் நூற்றைம்பது. தண்ணீர்த் தொட்டி நூறு. நங்கூரம், சங்கிலி, பேட்டரி, கயிறு, மிதவைச் சட்டைகள், மாப்பிள்ளை வாங்கி வைத்திருக்கிறாரே அந்த ஐஸ் பெட்டி, எல்லாம் சேர்த்து நூற்றைம்பதுக்குக் குறையாது. இதையெல்லாம் சுமக்கிற டிரெய்லர் என்ன காற்றிலா செய்திருக்கிறது? இரும்பு, அது மட்டும் அறுநூற்றைம்பது. கூட்டினால் மூவாயிரத்து இருநூறு வருகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு இழுக்கிற வண்டியில் மூவாயிரத்து இருநூறைக் கட்டப் பார்க்கிறீர்கள். இங்கே தினமும் காலி எடை, லோடு எடை என்று இரண்டு தடவை நிறுக்கிறவளின் மகள் நீ, காலி எடையைப் பார்த்து வண்டி வாங்கினாய் என்று தெரிந்தால் லாரிக்காரர்கள் என்னை வைத்துச் சிரிப்பார்கள்.

வண்டி விற்கிறவர் ‘அதெல்லாம் தாராளமா இழுக்கும் மேடம்’ என்றார் என்று எழுதியிருக்கிறாய். இழுக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. சமதரையில் யார் வேண்டுமானாலும் இழுத்துவிடலாம். நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. உன் வீட்டிலிருந்து ஏரிக்கு இறங்குகிற சாலையை வீடியோவில் காட்டினாயே, அந்த இறக்கத்தில் வண்டி படகை இழுக்காது, படகு வண்டியைத் தள்ளும். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் சின்னப் பிக்கப்பில் பெரிய ஜெனரேட்டரை டிரெய்லரில் கட்டிக்கொண்டு வந்தார், பக்கத்தில் அவர் மனைவி. எடைச்சீட்டு என் கையால்தான் அடித்துக் கொடுத்தேன். எண்ணைப் பார்த்ததும் இது இந்த வண்டிக்கு அதிகமாயிற்றே என்று தோன்றியது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரிசையில் ஆறு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றது, நமக்கென்ன என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். மேடையைத் தாண்டி இறக்கத்தில் திரும்பியதும் டிரெய்லர் வால் மாதிரி இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்தது, அவர் பிரேக்கை மிதிக்க மிதிக்க ஆட்டம் அதிகமாகி, வண்டி பக்கவாட்டில் சுழன்று டயர் கடைச் சுவரில் போய் நின்றது. அந்தம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது, அதோடு போனது. அவர் நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு ‘நல்லாத்தான் இழுத்துச்சு, நல்லாத்தான் இழுத்துச்சு’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொல்லாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. அன்று முதல் எண் அதிகமாக இருந்தால் வரிசை நிற்கட்டும் என்று நிறுத்திச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் முறைக்கிறார்கள். முன்பின் தெரியாதவனுக்கே சொல்கிறேன், பெற்ற மகளுக்குச் சொல்லாமல் விட்டால் நான் எதில் சேர்த்தி.

ஆகவே வண்டியை மாற்றுங்கள். மூவாயிரத்து இருநூறு என்றால் நாலாயிரமாவது இழுக்கிற வண்டியாகப் பார்க்க வேண்டும், விளிம்பில் நிற்கிற வேலை வேண்டாம். இங்கே கனரக டிரெய்லர் ஓட்டுகிற ஒருத்தர் இருக்கிறார், எல்லாரும் அவரை வாத்தியார் என்று கூப்பிடுவார்கள், எதைக் கேட்டாலும் பாடம் எடுப்பதால் வந்த பெயர். அவரிடம் கேட்டேன், முக்கால் மணி நேரம் எடுத்தார், சுருக்கித் தருகிறேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் நீளம் அதிகமாக இருக்கிற வண்டி நல்லது, அது எளிதில் ஆடாது. வண்டியின் சொந்த எடையும் அதிகமாக இருக்க வேண்டும், நோஞ்சானைக் கொண்டு குண்டனை அடக்க முடியாது. டிரெய்லருக்குத் தனியாகப் பிரேக் இருக்கிறதா, அதை வண்டிக்குள்ளிருந்து பிடிக்க வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொன்னார். படகு இறக்குகிற சரிவு எப்போதும் ஈரமும் பாசியுமாக இருக்கும், அதில் பின் சக்கரம் மட்டும் சுற்றினால் வழுக்கி வண்டியும் தண்ணீருக்குள் போய்விடும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டும் என்றார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் கியரைக் குறைத்துக்கொண்டு இறங்கணும், ஆட ஆரம்பித்தால் பயந்து ஸ்டீயரிங்கை ஒடிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடிக்கணும், இதை மாப்பிள்ளை மட்டுமல்ல நீயும் மனப்பாடம் பண்ணிக்கொள். நான் சொல்கிற எண்கூட மதிப்புத்தான். உங்கள் ஊரிலும் எங்காவது ஒரு எடை மேடை இருக்கும், அங்கேயும் என்னை மாதிரி ஒரு சிடுமூஞ்சி உட்கார்ந்திருக்கும். படகை எல்லாச் சாமானோடும் டிரெய்லரில் ஏற்றி அங்கே கொண்டுபோய் நிறுத்துப் பார்த்துவிட்டு வண்டியைத் தேடுங்கள்.

மாப்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீ கையைப் பிசைவாய், தெரியும். அவருக்கு நேராகப் புத்தி சொல்ல நான் யார், அவரும் அத்தை சொன்னால் சரிங்க அத்தை என்று தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் சுருங்கிப்போவார். பழியை என் தலையில் போடு. அம்மாவுக்குக் கேட்கவே இல்லையாம், லாரியைப் பார்த்துக் கத்தினாளாம் என்று சொல். அது உண்மையும்கூட. அவர் ஆசையில் மண் அள்ளிப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், படகு அவருடைய பத்து வருஷ ஆசை, எனக்கும் அவர் அதில் போவதைப் பார்க்க ஆசைதான். சனிக்கிழமை பிள்ளைகளும் ஏமாற வேண்டாம். படகு விற்றவரிடமே பெரிய வண்டி இருக்கும், அவரையே கொண்டுவந்து தண்ணீரில் இறக்கித் தரச் சொல்லுங்கள், நீங்கள் பின்னால் உங்கள் காரில் போங்கள். நீல வண்டியை விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அவரா நாளைக்கு அந்த இறக்கத்தில் இறங்கப்போகிறார்.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. மாடிக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்ய வந்தவர் மூன்று நாளாக நாளைக்கு நாளைக்கு என்கிறார். உங்கப்பா லாரிக்குத் தார்ப்பாய் தைப்பதைக் குறைத்துக்கொண்டு இப்போது உன் படகுக்கு உறை தைக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார், அதுவும் வலிக்கிற கால். நீள அகலம் கேட்டு உனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாராம், பதில் போடு. பச்சையா சாம்பலா என்று எங்களுக்குள் இரண்டு நாளாகச் சண்டை, மாப்பிள்ளையையே முடிவு பண்ணச் சொல், அவர் மனசும் ஆறும்.

எல்லாம் எழுதிவிட்டு ஒரு கணக்கு பாக்கி இருந்தது. படகோடு சேர்ந்த டிரெய்லரின் முன்பாரம் வண்டியின் பின் கொக்கியில் அழுத்தும், அது ஒரு முந்நூறு கிலோ, அதையும் வண்டிக்குள் உட்காருகிறவர்களையும் சேர்த்து வண்டி தாங்க வேண்டும். ஆகவே ஆட்களை எழுத உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கு எழுபத்தைந்து போட்டேன். உனக்கு அறுபது, நீ சொன்னதை நம்பி. பெரியவளுக்கு என்ன போடுவது என்று பேனா நின்றுவிட்டது. கடைசியாக நான் தூக்கியபோது அவள் பதினாலு கிலோ, அதற்கப்புறம் நாலு வருஷம் ஆகிவிட்டது. சின்னவனை நான் தூக்கினதே இல்லை. இந்த ஊரில் ஓடுகிற லாரி எல்லாவற்றின் எடையும் எனக்கு மனப்பாடம் பாப்பா, என் பேரப்பிள்ளைகள் எடை தெரியவில்லை. உத்தேசமாக ஏதாவது போட்டிருக்கலாம், கை வரவில்லை. நாலு கிலோ கூடினாலும் குறைந்தாலும் வண்டி மாறப்போவதில்லை, இருந்தாலும் இருவரையும் நிறுத்துப் பார்த்து எழுது.

நீங்கள் நாலு பேரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க எங்கள் ஆசி எப்போதும் உண்டு. உங்கப்பா தனியாக எழுதச் சொன்னார், பிள்ளைகளுக்கு அவர் முத்தம், மாப்பிள்ளைக்கு அவர் அன்பு. சனிக்கிழமைக்கு முன்னால் பதில் வேண்டும், மறக்காதே. செருப்பைக் கழற்றிவிட்டு எடை பார், சின்னவன் அசையாமல் நிற்கமாட்டான், நீ அவனைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு உன் எடையைக் கழித்துக்கொள்.

அந்த இரண்டு இடத்தையும் காலியாக விட்டு வைத்திருக்கும்,
உன் அம்மா