'ரீ' வரிசையில் கடைசிச் சொல்

முசியே, பிரெஞ்சில் 'ஐயா' என்று, கிண்டலாக உன்னை அப்படித்தானே கூப்பிடுவேன். இன்று காலை உன் மனைவி தலத்தெருவிலிருந்து ஆட்டோவில் வந்து ஒரு நீல உறையை என் மேசைமேல் வைத்தார். "அண்ணே, உங்க கூட்டாளி உசுரோட இருக்காரான்னு பிரான்சிலேர்ந்து கேட்டிருக்காங்க. பதிலை நீங்களே எழுதிடுங்க" என்றார். அவர் அழவில்லை. நானும் அழவில்லை.

உன் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனுக்காக ஆண்டுதோறும் வரும் உயிர்ச்சான்றுப் படிவம்தான். நகராட்சிக்கு இருவருமாகப் போவோம். குமாஸ்தா எதிரில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "நல்லா பாத்துக்குங்க, மூச்சு வருது" என்பாய். அவர் சிரிக்காமல் முத்திரை குத்துவார்.

அரசலாறு கடலில் சேரும் இடம்வரை தினமும் நடப்போம். நடைக்கு ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து அதன் வேரைப் பிரிப்போம். கடைசியாக 'ரீ' என்று தொடங்குபவற்றை எடுத்துக்கொண்டோம். ரீ என்றால் மறுபடி, அல்லது திரும்ப. இலத்தீனில் பிறந்து உன் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ரிப்பேர் என்றால் மறுபடி ஆயத்தம் செய்வது. ரிமெம்பர் என்றால் மறுபடி மனத்தில் கொள்வது. அதுவரை சண்டையில்லை.

பிறகு ரிக்ரெட் வந்தது, 'வருந்துகிறேன்' என்பதற்கான சொல். வக்கீல் ஆபீசில் ஆயுள் முழுக்க அதைத் தட்டச்சு செய்தவன் நான்.

"அது சும்மா மரியாதைக்குப் போடுறதுப்பா" என்றேன்.

"இல்லடா. பழைய பிரெஞ்சுல செத்தவங்களை நெனச்சு அழுவுறதுக்கு உள்ள வார்த்தை அது."

"உங்கப்பா ஒரு கையெழுத்துல பிரெஞ்சுக்காரர் ஆனாரு. ஒனக்கு ஏன்டா இவ்வளவு திமிரு?"

பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊரை விட்டுப் போனபோது, இந்தியாவா பிரான்சா என்று குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன காலத்தில் உன் அப்பா கையெழுத்துப் போட்டார், என் அப்பா போடவில்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் அன்று வாயில் வந்தது. நீ பாதியிலேயே திரும்பி நடந்தாய். மறுநாளிலிருந்து நான் கடலுக்கு எதிர்த்திசையில், தருமபுரம் பக்கமாக நடந்தேன். வீம்புதான், வேறென்ன. பன்னிரண்டாம் நாள் உன் மனைவி போன் செய்தார்.

உன் காரியமெல்லாம் முடிந்தபின் பெரிய அகராதியைப் புரட்டினேன். நீ சொன்னபடியே இருந்தது.

சற்றுமுன் பதிலை அடிக்க உட்கார்ந்தேன். 'தெரிவிக்க வருந்துகிறேன்' என்று ஆங்கிலத்தில் விரல்கள் பழக்கத்தில் தாமாக அடித்துவிட்டன. அதிலிருந்த ரிக்ரெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அழித்துவிட்டு வேறு சொல் போடலாமா என்று யோசித்து, அப்படியே விட்டுவிட்டேன்.

நீ சொன்னதுதான் சரி, முசியே. அதை உன்னிடம் வந்து சொல்ல எனக்குப் பதினோரு நாள் இருந்தது.