மாலை போட்டதில் தவறிய வண்டி

வியாழன், இரவு.

ராசிபுரம் தாண்டியுள்ள அந்தச் சின்ன ரயில் நிலையத்தில் இன்று முதல் காலை பாசஞ்சர் நிற்கிறது. பத்திரிகைக்குச் செய்தி எழுதப் போயிருந்தேன். மூன்று மாதச் சோதனைதான். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்த்தே, பிறகும் நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள்.

முப்பத்தொரு பேர் நாமக்கல்லுக்கு டிக்கெட் வாங்கியிருந்தார்கள். வண்டி வந்ததும் எல்லோரும் இன்ஜின் பக்கம் ஓடினார்கள். மாலை, தேங்காய், சூடம், டிரைவருக்குத் துண்டு, பிறகு படம். நிற்கிற ஒரு நிமிடம் முடிந்து வண்டி கிளம்பிவிட்டது.

"ஏனுங்க, நாம ஏறவே இல்லீங்களே!" என்றார் டிரைவருக்குத் துண்டு போட்ட விவசாயி.

டிக்கெட் கொடுக்கும் பழனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை அழைக்க வந்தீங்களா, ஊருக்குப் போக வந்தீங்களா?"

சிரித்து முடித்ததும் விவசாயிக்குப் பயம் வந்தது. "ஒருத்தரும் ஏறலைன்னு எழுதிப்போடாதீங்க சாமி. வண்டிய நிறுத்தாம போயிருவாங்க."

நடந்ததைத்தான் எழுத முடியும் என்றேன். எழுதினேன். டிக்கெட் வாங்கியவர்கள் அத்தனை பேரும் மாலை போட்டதில் வண்டியைத் தவறவிட்டார்கள். நாளை ஏறிவிட்டுத்தான் கும்பிடுவார்களாம்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். ஏறப் போனவர்களைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரே ஒரு படம், நெருங்கி நில்லுங்க" என்றது நான்தான்.