லோஸனுக்குச் சிலுவை

1986, மார்ச் 4, செவ்வாய்

ஜெர்மன் வட்டார அகராதியின் அச்சுப்படி, திருத்தம் பார்ப்பதற்காகத் தபாலில் வந்தது. இந்தப் பள்ளத்தாக்கின் சொற்களை ஒன்பது வருடமாகச் சீட்டில் எழுதி அனுப்புகிறவள் நான். 'லோஸன்' என்ற வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை! வழக்கொழிந்ததாம். செத்துப்போன சொல்லாம்.

காது கொடுத்துக் கேட்பதுதான் லோஸன். சும்மா காதில் விழுவதற்கு வேறு சொல் இருக்கிறது. இன்று காலைகூட என் கணவரிடம் மூன்று தடவை கத்தினேன்: "ஃப்ரிடோலின், லோஸ்! பால் பொங்குது!" மனிதர் கேட்கவில்லை, அது வேறு விஷயம். சொல் சாகவில்லையே?

மார்ச் 6

நகரத்து அகராதி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ஆசிரியர் டாக்டர் பீட்டர்சன், வடக்கத்திக்காரர்.

"சீட்டுல இறந்தகாலக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கீங்களேம்மா?"

எழுத என்ன இருக்கிறது? இங்கே நாங்கள் 'கேட்டேன்' என்று சொல்வதே இல்லை, எல்லாம் 'கேட்டிருக்கிறேன்'தான். ஆயிரம் வருடத்துக்கு முன் மடத்துத் துறவிகள் இதே சொல்லை முன்னால் ஒரு 'ஹ' சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அவரே சொல்கிறார். துறவிகளை நம்புவார், என்னை நம்ப மாட்டாரா?

"இந்தச் சொல் இன்னும் புழக்கத்துல இருக்குன்னு இருபதாம் தேதிக்குள்ள மூணு வீட்டுலருந்து கையெழுத்து வேணும்."

எங்கள் மேட்டில் இருப்பதே நாலு வீடு. ஒன்று ஹாம்பர்க்காரர்களின் விடுமுறை வீடு. ஒன்று என்னுடையது. ஒன்று கோயில் மணியடிக்கும் லாண்டோலினுடையது. மிச்சம்—

மார்ச் 7

நாத்தனார் க்ளோட்டில்டாவிடமா? செத்தாலும் போகமாட்டேன்.

மார்ச் 12

லாண்டோலின் கையெழுத்துப் போட்டுவிட்டார். "உன் நாத்தனார்கிட்ட போகலியா?" என்று ஒரு சிரிப்பு வேறு. பதினோரு வருடமாக அவளோடு பேச்சில்லை என்பது ஊருக்கே தெரியும். மாமனார் நட்ட செர்ரி மரத்தை யாரிடமும் கேட்காமல் வெட்டினாளே! மறக்கச் சொல்கிறார்களா?

மார்ச் 19

போனேன். வேறு வழி?

வாசலிலேயே தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"கையெழுத்து அப்புறம். மொதல்ல உள்ள வந்து உக்காரு. லோஸ்!"

"எனக்கு நேரமில்ல."

"பதினோரு வருஷமா உனக்கு நேரமில்ல. அந்த மரம் உள்ளுக்குள்ள பூராவும் உளுத்துப்போயிருந்துச்சு, லூயிட்கார்ட். ஒரு காத்தடிச்சிருந்தா உங்க மாட்டுக்கொட்டாய் மேலதான் விழுந்திருக்கும். வெட்டினப்புறம் அதைச் சொல்ல மூணு தடவ வந்தேன். நீ மூணு தடவயும் கதவைச் சாத்திட்ட. நீயா லோஸனுக்குச் சாட்சி?"

உள்ளே போனேன். உட்கார்ந்தேன். கேட்டேன், ஒரு மணி நேரம். வாய் திறக்காமல்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஏப்ரல் 29

புது அச்சுப்படி. சிலுவையை எடுத்துவிட்டார்கள்! ஆனால் எடுத்துக்காட்டு வாக்கியம்? நான் அனுப்பியது இருபத்திரண்டு. ஒன்றைக்கூடக் காணோம். கையெழுத்துத் தாளின் ஓரத்தில் க்ளோட்டில்டா கிறுக்கிக் கொடுத்ததை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்: 'உள்ள வந்து உக்காரு, லோஸ்!'

அநியாயம். இன்று சாயங்காலமே போய் அவளோடு சண்டை போடவேண்டும். அடுப்பில் இருக்கும் கேக் வெந்ததும் அதையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.