ஒரே நாளில் வந்த இரண்டு கடிதங்கள்

என் அருமை சுபா அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டே பழகிய கை இது. இன்று அதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். கார்கில் மலையிலிருந்து உங்களைக் கொடி போர்த்திக் கொண்டுவந்தபோது இருந்த மழை, இப்போது மைசூரில் இல்லை. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் மகனைப் பார்க்கணும் என்று உங்கள் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "மீசையை இவ்ளோ சின்னதாவா வெட்டியிருந்தான்?" என்றார்.

பட்டாளத்திலிருந்து நீங்கள் எழுதும் கடிதங்களில் பாதி அரசியல், மீதி தபாலைத் திட்டுவது. "நான் எழுத ஆரம்பிக்கிறப்ப ஒருத்தர் பிரதமர், நீ பிரிச்சுப் படிக்கிறப்ப யாரோ" என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். பனியில் எங்கோ மூட்டையாகக் கிடந்துவிட்டு மூன்று நான்கு சேர்ந்தாற்போல வரும். தேதி போடும் பழக்கமும் உங்களுக்குக் கிடையாது. எது முந்தியது, எது பிந்தியது என்று நானும் மாமாவும் சண்டை போடுவோம்.

நம் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட வருடம் நினைவிருக்கிறதா? எதிர்வீட்டு கௌரம்மாதான் முதலில் சொன்னாள். நம்மிடம் பழகிப் பழகிக் கற்ற தமிழில், பாதி கன்னடம் கலந்து, "நீ நில்லு செல்வி. கார்ப்பரேஷன் ஆபீசுல போய் சண்டை போடறவ நீ ஒருத்திதானே" என்றாள். உங்களைக் கேட்காமல் எப்படி என்று எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. வேட்புமனு கொடுத்துவிட்டேன். வேண்டாமென்றால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்புறம் பதில் வந்தது. ஒரே நாளில் இரண்டு.

ஒன்றில், "தைரியமா நில்லு. இங்கே எல்லார்கிட்டயும் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துட்டேன். என் ஓட்டுதான் அவ்ளோ தூரம் வந்து சேராது" என்று இருந்தது. இன்னொன்றில், "வேண்டாம் செல்வி. காவிரிக் கலவரத்துல நம்ம ஜன்னல்ல கல்லு விழுந்தது மறந்துபோச்சா? தமிழ்க்காரி ஓட்டுக் கேட்டு வந்தா எவன் என்ன பேசுவானோ. நான் பக்கத்துல இல்ல" என்று இருந்தது.

மாமா இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரை இரண்டிலும் மை பூசியதுபோல் கலைந்திருந்தது. "கடைசியா எழுதினது எதுன்னு தெரியலையேம்மா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். உங்கள் பேச்சைக் கேட்பதென்றால் எந்தப் பேச்சை?

கௌரம்மா வந்து விஷயத்தைக் கேட்டாள். "உன் வீட்டுக்காரரு எரடு காகிதம் எழுதியிருக்காரு. உனக்கு வேணும்கிறதை எடுத்துக்கோ. அன்னிக்குக் கல்லு விழுந்தப்ப உன் வாசல்ல யாரு நின்னாங்க? நானு தானே? நாளைக்கும் நிப்பேன்" என்றாள்.

மறுநாள் அவளோடு ஓட்டுக் கேட்கக் கிளம்பினேன். சில வீடுகளில் கதவு திறக்கவில்லை. ஒருவர் முகத்துக்கு நேரே, "உங்க ஊருக்குப் போய் நில்லுங்க" என்று கன்னடத்தில் சொன்னார். "இவ புருஷன் எந்த ஊருக்காக அங்கே நிக்கிறான்?" என்று கௌரம்மா திருப்பிக் கேட்டாள். கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்தேன்.

அந்த லீவில் நீங்கள் வந்து இறங்கியதும், ஸ்டேஷனிலேயே கேட்டேன். "எதுங்க கடைசியா எழுதினீங்க?"

பெட்டியைக் கீழே வைத்தீர்கள். "வேண்டாம்னு எழுதினதுதான் கடைசி. பயந்துட்டேன் செல்வி. எனக்கு அங்கே குண்டு வந்தா பதுங்கறதுக்குப் பாறை இருக்கு, உனக்கு இங்கே என்ன இருக்குன்னு நினைச்சேன். நல்லவேளை ரெண்டும் ஒண்ணா வந்துச்சு."

அவ்வளவு பெரிய ஆள், பயந்தேன் என்று பிளாட்பாரத்தில் நின்று சொன்னீர்களே, அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லத் தெரியாமல் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம் இல்லையா?

இப்போது உங்களிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. போன வாரம் கார்ப்பரேஷன் கூட்டத்தில், நம் தெருவான நாலாவது கிராசுக்கு உங்கள் பெயரை வைக்க வேண்டும் என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்தேன். "அந்தத் தெருவில் சாக்கடை திறந்து கிடக்கிறது. மழை வந்தால் வீட்டுக்குள் வருகிறது. முதலில் அதை மூடுங்கள், பெயர்ப் பலகை அப்புறம்" என்று கன்னடத்தில் சொன்னேன். "ஏனம்மா, கணவருக்கு மரியாதை வேண்டாமா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார்.

வேண்டும். அதனால்தான் கேட்கிறேன் என்றேன்.

கோபமில்லையே உங்களுக்கு? அடுத்த மழைக்குள் அந்தச் சாக்கடையை மூட வைப்பேன். அதுவரை உங்கள் பெயரை அந்த நாற்றத்தில் தொங்கவிட மாட்டேன். மூடிய அன்று கௌரம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள், மாமா பலகை நேராக இருக்கிறதா என்று புதுக் கண்ணால் பார்த்துச் சொல்வார். ஆணியை நான் அடிப்பேன்.

என்றும் உங்கள் மனைவி, சுபாவின் அம்மா,
செல்வி