ஒட்டுக்குக் கீழே வந்த துளிர்

அலங்காநல்லூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஜெயபாண்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீ மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்த வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறப்பதற்குள் அவரே எல்லாம் பேசி முடித்துவிடுகிறார். அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற உன் கூட்டாளி அழகுமலையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அவனியாபுரத்தில் உன் அக்கா முனீஸ்வரி நன்றாக இருக்கிறாள், அவள் சின்னவனுக்குத்தான் சளி விட்டபாடில்லை. இங்கே மழை ஏமாற்றிவிட்டது. நம் போர்வெல் வைகாசியிலேயே காற்றைக் கக்க ஆரம்பித்துவிட்டது, குடிக்கவே டிராக்டர் தண்ணீர்தான். போன முறை வந்தபோது நீ உன் கையால் நட்ட இமாம்பசந்த் ஒட்டு மாங்கன்றெல்லாம் இலை வெளுத்து நின்றன. உன் அப்பா மூட்டை மூட்டையாக உரத்தை வாங்கி வந்து காய்ந்த மண்ணில் கொட்டினார். வேண்டாம் என்றேன், கேட்கிற மனுஷனா அவர். கொஞ்ச நாளில் இலை ஓரமெல்லாம் தீயில் காட்டினதுபோல் கருகிவிட்டது. கன்று கொடுத்த நர்சரிக்காரி மாயக்காளைக் கூட்டிவந்தேன். அவள் ஒரு கன்றின் அடியைத் தோண்டிப் பார்த்துவிட்டு, “வேரு கீழ இறங்கவே இல்லத்தா, இருந்த எடத்துலயே சுருண்டு கெடக்கு. தண்ணி இருந்தாத்தான் உரம் வேருல ஏறும். இல்லைன்னா எம்புட்டுக் கொட்டுனாலும் மண்ணுலதான் கெடக்கும், மிச்ச வேரையும் பொசுக்கிரும்” என்றாள். அப்படிச் சொன்னதற்காக உன் அப்பா இன்றுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அப்பா வீடியோவில் தோட்டத்தைக் காட்டி, எல்லாம் துளிர்த்துவிட்டது, வேலையை விட்டுவிட்டுத் தையில் வந்துவிடு என்றாரே, நீயும் சந்தோஷப்பட்டு இந்த மாதமே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாயே, எழுதிக் கொடுத்துவிடாதே. துளிர் வந்தது உண்மை. ஒரு தூறல் விழுந்த பிறகு அதைப் பார்த்து நானும் சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். பிறகு புல் பிடுங்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, துளிரெல்லாம் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே. மேலே இமாம்பசந்த் குச்சியை நகத்தால் சுரண்டினால் உள்ளே வெறும் சருகு. உயிரோடு இருப்பது அடியில் இருக்கிற நாட்டு மாங்கொட்டைச் செடி மட்டும்தான். அது வளர்ந்து காய்த்தாலும் புளிப்பும் நாருமாக இருக்கும், சந்தையில் ஒருவரும் தொடமாட்டார்கள். ஒரு கன்று விடாமல் பார்த்தேன். அழுகையாக வந்தது.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டே பாதையோரத்து வரிசைக்கு வந்தேன். உனக்கு வீடியோவில் காட்டிய வரிசை அதுதான். அங்கே மட்டும் ஒட்டு வெளியே தெரியாதபடி மண் அணைத்து வைத்திருக்கிறார். அவருக்குத் தெரியும் தம்பி, தெரிந்துதான் உன்னை வரச் சொல்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. நீ இல்லாமல் அவருக்குப் பொழுது ஓடவில்லை, அதை வாய்விட்டுச் சொல்ல வீம்பு விடவில்லை, கன்றுகளைச் சாக்கு வைத்துவிட்டார். எனக்கும்தான் உன்னைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையை வராதே என்று எழுத வேண்டியிருக்கிறதே. ஆனால் வந்து என்ன செய்வாய்? நீங்கள் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள், நான் உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கம்பெனியில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிடு.

பாண்டி முனி உனக்குத் துணை இருக்கட்டும், நோய்நொடி இல்லாமல் இரு, ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அப்பா மறுபடியும் அந்த வரிசையைக் காட்டினால், நல்லா வந்திருக்குப்பா என்று சொல்லிவிடு. அவர் சொன்னது பொய் என்று நமக்குத் தெரிந்துவிட்டது, அது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா முத்துத்தாய்