பெட்டி போன மூன்று வீடுகள்

அக்-ஜோல்
2 செப்டம்பர் 2004

தலாய்பெக்குக்கு,

பேசாமல் இருந்தது போதும். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. கம்பளி ஆலையை மூடும்போது, கடைசிவரை வைத்துக்கொள்ளும் இருபது பேரின் பட்டியலை எழுதியவன் நீ. தலைமைப் பொறியாளனான என் பெயர் அதில் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

இப்போது மாவட்ட மன்றத்துக்கு நிற்கிறாயாம். எங்கள் கடைச் சுவரில் உன் நோட்டீஸ் பார்த்தேன். "உங்கள் வாக்கை நம்புங்கள்." மூன்று தேர்தலில் நம்பிப் போட்டேன். மூன்று முறையும் ஆலையை மேடையில் மட்டும் திறந்தார்கள். என் மகன் எர்கின் மார்ச்சில் எல்லைக்கு அப்பால் அல்மாத்திச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான்.

இந்த முறை வாக்குச்சாவடிக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். நீரேற்று நிலையத்தில் மேற்பார்வையாளர் இடம் காலியாம். தேர்தல் முடியட்டும் என்கிறார் ஊர்த்தலைவர்.

உன் மனைவி அய்னுராவை விசாரித்ததாகச் சொல்.

ஷெய்ஷென்


மாவட்ட நகரம்
19 அக்டோபர் 2004

அன்புள்ள ஷெய்ஷென்,

நம் ஊரில் ஒரே வயதுக்காரன் என்ன திட்டினாலும் கோபிக்கக் கூடாது. அதனால் கோபிக்கவில்லை, கிழட்டு ஆட்டுக்கடாவே! அந்தப் பட்டியலில் முதலில் என் பெயரைத்தான் எழுதினேன். அதன் பிறகு உன் பெயரை எழுதக் கை கூசியது. தன்னோடு நண்பனையும் சேர்த்துக்கொண்டான் என்று பேசுவார்களே என்று பயந்தேன். தப்புதான். மன்னித்துவிடு.

ஒன்பது ஓட்டில் தோற்றேன். வர முடியாத நோயாளிகளின் வீட்டுக்குப் போகும் சின்னப் பெட்டியில் மட்டும் உங்கள் ஊரில் பதினேழு ஓட்டு. அதில் பதினாறு என்னை எதிர்த்து நின்றவனுக்கு. அக்-ஜோலில் எனக்குத் தெரிந்து படுக்கையில் இருப்பவர்கள் மூன்றே பேர். பெயர்ப் பட்டியலைக் காட்ட மறுக்கிறார்கள்.

பெட்டியோடு போனவன் நீ என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்கு நிம்மதி. நீ கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. 29ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நீதிபதி எடுத்துக்கொள்வார். அது போதும் எனக்கு.

உன் தலாய்


அக்-ஜோல்
25 அக்டோபர் 2004

தலாய்,

கண்டதை எழுதுகிறேன்.

மூன்று வீட்டுக்குத்தான் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் ஓட்டு விழுந்ததும் ஊர்த்தலைவரின் மருமகன் பெட்டியைக் காருக்குத் தூக்கிக்கொண்டு போனான். நான் ரொட்டியைத் தொட உட்கார்ந்தேன். ஒரு துண்டு ரொட்டியாவது பிட்டு வாயில் போடாமல் நம்மவர்கள் யாரையும் திரும்பிப் போக விடுவதில்லையே. காலையிலேயே ஊர்த்தலைவர் தோளைத் தட்டிச் சொல்லியிருந்தார்: "அவசரப்படாதீங்க பொறியாளரே. பெரியவங்க குடுத்தா நிதானமா சாப்பிட்டுட்டு வாங்க. கார் எங்கயும் போயிடாது."

கடைசி வீடு சாலியா அக்காவுடையது. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, உன் பெயருக்கு நேரே குறி போட்டாள். அந்தப் பதினேழில் உனக்கு விழுந்த ஒன்று அவளுடையதுதான். "என் கை நடுங்குது, செல்லாம போயிடாதில்ல தம்பி?" என்று இரண்டு முறை கேட்டாள். "செல்லும்க்கா" என்றேன். ஒரு கிண்ணம் தேநீர் போதும் என்றிருக்கலாம். மூன்று குடித்தேன். ஜன்னல் வழியே கார் தெரிந்தது. நான் ஜன்னலுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மாலையில் பட்டியலை நீட்டினார்கள். படுக்கையில் கிடக்கும் பதினேழு பேர். மூவரைத் தவிர எல்லாரும் வேலை தேடி எல்லை தாண்டிப் போனவர்கள். பதினொன்றாவது பெயர் எர்கின். என் மகன், இருபத்து மூன்று வயது, மூட்டை தூக்குகிறவன், எழுந்து நடக்க முடியாத நோயாளி. அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். என்னை ஏமாற்றிய பெட்டிதானே, உன்னையும் ஏமாற்றட்டும் என்று அப்போது நினைத்தேன். பட்டியலுக்குப் பட்டியல் என்று. நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய பிறகு அந்த நினைப்பும் எனக்கு உதவவில்லை.

நேற்று சாலியா அக்கா என்னைக் கூப்பிட்டு, "நம்ம தலாய் ஜெயிச்சானா?" என்று கேட்டாள். இன்னும் எண்ணுகிறார்கள் என்றேன்.

நீரேற்று நிலையத்தில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, காலையில் என் மனைவி எனக்குச் சாப்பாடு கட்டித் தருகிறாள். எர்கினைத் திரும்பி வரச் சொல்லி எழுதியிருக்கிறாள். இதில் கையெழுத்துப் போட்டால் அந்த நாற்காலியில் நாளைக்கு வேறொருவன் இருப்பான்.

உனக்கு என் எழுத்து தெரியும். நீதிபதிக்கு இது வெறும் மொட்டைக் கடிதம், தூக்கிப் போட்டுவிடுவார். அது தெரிந்தேதான், பெயர் போடாமல் இதைத் தபாலில் சேர்க்கிறேன்.